தோற்ற குத்துச்சண்டைச் சாம்பியனுக்கு உடனே ரீமேட்ச் (அதே ஆளோடு மறுசண்டை) கிடைப்பது எப்படி?

கிருஷ்ணகிரி_குத்து: பழையபேட்டை டீக்கடையில இதே சண்டைதான். ஹெவிவெயிட்ல (அதிக எடைப் பிரிவு) பட்டம் போனவன் வரிசையில நிக்காம நேரா ரீமேட்ச்சுக்கு வர்றானே, இது ரூலா, செட்டிங்கா?

தர்மபுரி_ஜாப்: ரெண்டும் இல்லங்க, ஒப்பந்தம். முதல் சண்டைக்குக் கையெழுத்துப் போடும்போதே ரீமேட்ச் ஷரத்து எழுதிடுவாங்க. 2001 ஏப்ரல்ல ரஹ்மான் 5-வது ரவுண்டுல சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸைச் சாய்ச்சிட்டு, ரீமேட்ச் தராம வேற ஆளோட மோதப் பார்த்தார். லூயிஸ் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சு, நவம்பர்ல 4-வது ரவுண்டுலயே கணக்கை முடிச்சார்.

அரூர்_கார்னர்: ஷரத்து பட்டம் கொடுக்கிற சங்கத்தைக் கட்டுப்படுத்தாது, அங்கதான் சிக்கல். 2015-ல கிளிட்ச்கோவை ஜெயிச்ச ப்யூரி, கட்டாயச் சவாலரை (சங்கம் அடுத்து மோதச் சொல்ற ஆள்) விட்டுட்டு ரீமேட்ச்சுக்குப் போனதால ஐ.பி.எஃப். சங்கம் தன் பட்டத்தைப் பிடுங்கிடுச்சு. அந்த ரீமேட்ச்சும் நடக்கல!

கிருஷ்ணகிரி_குத்து: சரிங்க, ரெண்டாவது தடவை என்ன மாத்தணும்?

தர்மபுரி_ஜாப்: ஜோஷுவா–ரூயிஸ் பாருங்க. 2019 ஜூன், 3-வது ரவுண்டு: ரூயிஸைக் கீழ விழ வச்ச ஜோஷுவா, முடிச்சிடலாம்னு கிட்டப் போய்க் கையை வீசினார். குறுக்கே வந்த ரூயிஸோட இடது ஹூக் (பக்கவாட்டுக் குத்து) நெத்திப்பொட்டுல இறங்குச்சு. 7-வதுல ஜோஷுவா ஆட்டம் காலி. டிசம்பர் ரீமேட்ச்ல ஜோஷுவா எடையை 247 பவுண்டுலருந்து 237 ஆக்கி, ஜாப் (முன்கையால நேர்க்குத்து) போட்டு விலகி, கிட்ட வந்தா கட்டிப்பிடிச்சு 12 ரவுண்டும் ஓட்டினார். ரூயிஸ் 268-லருந்து 283-க்கு ஏறி வந்தார். துரத்தக் கால் வரல. பார்க்கச் சப்புனுதான் இருந்துச்சு, ஆனா பட்டம் திரும்பிடுச்சு.

அரூர்_கார்னர்: எல்லாருக்கும் அது பலிக்காது. இடதுகைக்காரர் உசிக் கிட்ட அதே ஜோஷுவா 2021, 2022 ரெண்டுலயும் தோத்தார். இடதுகைக்காரன் கோணத்தைப் படிக்க ஒரு பயிற்சி கேம்ப் பத்தாதுங்க.