லாகின் செய்யாமல் இணையம் கிடைக்கக் கூடாது: ப்ராக்ஸி ஏன் பாஸ்வேர்டு கேட்பதில்லை?

கேள்வி:
எங்கள் அலுவலகத்தில் யார் எந்தக் கணினியில் அமர்ந்தாலும், தம் பெயரில் லாகின் செய்த பிறகே இணையம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை (கணினிகளின் இணையக் கோரிக்கைகளை இடையில் நின்று வாங்கி அனுப்புவது) நிறுவியிருக்கிறேன். ரௌட்டர், இணையப் பக்கங்களுக்கான 80ஆம் போர்ட்டுக்குச் செல்பவற்றை ஸ்க்விட்டின் 3128ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுகிறது. ஆனால் லாகின் பெட்டி வராமல், அனுமதி மறுக்கப்பட்டது என்ற பக்கமே வருகிறது. ஒரு கணினியின் பிரவுசரில் மட்டும் ப்ராக்ஸி முகவரியை நானே கொடுத்துப் பார்த்தபோது பெட்டி உடனே வந்துவிட்டது. தவறு எங்கே இருக்கிறது?

பதில் 1:
தவறு அந்தத் திருப்பிவிடுதலில்தான் இருக்கிறது. ப்ராக்ஸி பாஸ்வேர்டு கேட்பது 407 ('ப்ராக்ஸியில் லாகின் தேவை') என்ற மறுமொழியின் வழியாக. வழியில் மறிக்கப்பட்ட பிரவுசரோ தான் நேரடியாக இணையதளத்துடன் பேசுவதாகவே நம்புகிறது. அந்த நிலையில் 407க்கு இணங்கினால் எந்த இணையதளமும் உங்கள் ப்ராக்ஸி பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிவிடலாம் அல்லவா? ஆகவே திருப்பிவிடுதலை நீக்கிவிட்டு, பிரவுசர்களுக்கு ப்ராக்ஸி முகவரியை வெளிப்படையாகக் கொடுங்கள். பிறகு ப்ராக்ஸி கணினியைத் தவிர வேறு எதுவும் 80, 443 போர்ட்டுகளில் வெளியே செல்ல முடியாதபடி ஃபயர்வாலில் அடையுங்கள். பிரவுசர்கள் க்விக் (QUIC) என்ற முறையில் நேரடியாக வெளியே செல்லப் பயன்படுத்தும் யுடிபி 443ஐயும் அடைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பதில் 2:
விதிகளின் வரிசையையும் பாருங்கள். ஸ்க்விட் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியையே ஏற்கும். உள் நெட்வொர்க் முழுவதையும் அனுமதிக்கும் வரி லாகின் விதிக்கு மேலே இருந்தால், யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கப்படாது. நான் ஒரு நாள் முழுவதும் தேடிக் கண்டுபிடித்தது இது. மேலும், பேசிக் (Basic) என்ற எளிய லாகின் முறையில் பாஸ்வேர்டு, யாரும் திருப்பி மாற்றக்கூடிய பேஸ்64 என்ற எழுத்து வடிவில் மட்டுமே செல்கிறது. அது மறையாக்கம் அன்று. இடையில் கவனிப்பவர் எளிதாகப் படித்துவிடலாம். உங்களிடம் டொமைன் (அலுவலகக் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால், பாஸ்வேர்டையே அனுப்பாமல் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முகவரியை வெளிப்படையாகக் கொடுத்ததும் பெட்டி வருகிறது. ஆனால் கைப்பேசிகளில் பல செயலிகள் இப்போது இயங்கவில்லை.

பதில் 1:
பல செயலிகள் ப்ராக்ஸி அமைப்பையே பொருட்படுத்துவதில்லை. சில 407ஐக் கண்டதும் நின்றுவிடும். கைப்பேசிகளைத் தனி வைஃபையில் வைத்து, அங்கே கேப்டிவ் போர்ட்டல் (வைஃபையில் இணைந்ததும் முதலில் வரும் லாகின் பக்கம்) அமையுங்கள். ஆனால் அது ஒவ்வொரு கோரிக்கையையும் சரிபார்ப்பதில்லை. ஒருமுறை லாகின் செய்த கருவியின் முகவரியை அனுமதிக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கைப்பேசியை வேறொருவர் வாங்கிப் பயன்படுத்தினாலும் பதிவேட்டில் முதலாமவர் பெயரே இருக்கும் என்பதால், லாகின் காலாவதியாகும் நேரத்தைக் குறைவாக வையுங்கள்.