ரில்கேயின் கடிதங்களைப் படித்துவிட்டுத் தம்பி ஒதுங்கிவிட்டான்: புத்தகத்தை எடுத்து ஒளித்துவிடலாமா?

செந்தாழை (கேள்வி):
என் தம்பிக்கு 22 வயது. காதல் முறிந்த நாளிலிருந்து அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரெய்னர் மரியா ரில்கே ஓர் இளைஞனுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு எப்போதும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தனிமையைப் போற்றும் இடங்களில் எல்லாம் பென்சில் கோடு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "பெரிய கவிஞரே தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்" என்கிறான். அந்தக் கடிதங்கள் உண்மையிலேயே இதைத்தான் சொல்கின்றனவா? புத்தகத்தை எடுத்து ஒளித்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

மலைச்சாரல்:
ஒளித்துவிடுங்கள். ரில்கே 1901-இல் மணம் செய்துகொண்டார், அந்த டிசம்பரிலேயே மகள் பிறந்தாள். மறு ஆண்டு பாரிஸ் போய்விட்டார். மனைவி கிளாராவும் பின்னால் போக, குழந்தை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. அப்படிப்பட்டவர் காதலைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் 27, 28 வயதில் சொன்ன புத்திமதி நம் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு?

பழைய ஆசிரியர்:
வேண்டாம், செந்தாழை. புத்தகம் அவனிடமே இருக்கட்டும். அந்தக் கடிதங்கள் யாருக்குப் போயின என்பதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

அந்த இளைஞன் ஃபிரான்ஸ் காப்புஸ், ஆஸ்திரியாவில் வீனர் நொய்ஷ்டாட் ராணுவ அகாதெமி மாணவன், வயது 19. 1902-இல் அங்கே செஸ்ட்நட் மரத்தடியில் ரில்கேயின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, அகாதெமிப் பாதிரியார் ஹோராசெக் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் தம்முடைய பழைய மாணவன் கவிஞனாகிவிட்டான் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆம், ரில்கேயும் சிறுவயதில் சங்க்ட் போல்டென் ராணுவப் பள்ளியில் கிடந்து வாடியவர்தான். எழுவது, உண்பது, உறங்குவது எல்லாமே கூட்டத்தோடும் கட்டளைப்படியும் நடக்கும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் அகப்பட்ட காப்புஸிடம்தான், உள்ளுக்குள் உனக்கென்று ஓர் இடத்தைக் காப்பாற்றிக்கொள் என்கிறார். கதவைத் தாழிட்டுப் படுத்திருப்பவனுக்கு அவர் எழுதவில்லை.

1903 டிசம்பரில் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் தனிமைக்கு அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். பெரியவர்கள் தங்கள் பெரிய வேலைகளில் மூழ்கி அங்குமிங்கும் நடக்க, ஒன்றும் புரியாமல் நடுவே இருக்கும் குழந்தை. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே வாய்க்கும் தனிமை அது. சாப்பாட்டு வேளையில் அம்மாவுக்குப் பதில் சொன்னால் அது கெட்டுவிடாது.

அம்மாவுக்கும் அதில் ஒரு கடிதம் இருக்கிறது. 1903 ஜூலையில் ஜெர்மனியின் வோர்ப்ஸ்வேடேயிலிருந்து எழுதிய நான்காம் கடிதம். விடை தெரியாத கேள்விகளோடு பொறுமையாக வாழச் சொல்வது என்று எல்லோரும் அதைத்தான் கொண்டாடுவார்கள். நான் அதன் பின்பகுதியைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். பெற்றோரோடு மல்லுக்கட்டாதே, அவர்களுக்கு உன்னைப் புரியாமல் போகலாம், ஆனாலும் உனக்காக அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் அன்பை நம்பு என்கிறார். தம்பி அங்கே கோடு போட்டிருக்கிறானா என்று பாருங்கள்.

காதலைக் கைவிடச் சொன்னவரும் அல்லர். 1904 மே மாதக் கடிதத்தில், காதல் கடினமானது, இளையவர்கள் அதைக் கற்றுக்கொள்ள நாளாகும் என்கிறார். இரண்டு தனிமைகள் ஒன்றையொன்று காத்து நிற்பதுதான் காதல் என்கிறார். அதே கடிதத்தோடு காப்புஸின் கவிதை ஒன்றைத் தம் கையாலேயே படியெடுத்து அனுப்பினார். தன் வரிகளை வேறொருவர் கையெழுத்தில் படித்தால் புதிதாகத் தெரியும் என்பதற்காக. முகம் பார்த்திராத பையனுக்காக உட்கார்ந்து எழுதிய கை அது. இந்த மனிதரா உறவை அறுத்துக்கொள்ளச் சொல்வார்?

மலைச்சாரல், உங்கள் கேள்விக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார். துயரத்தைப் பற்றி 1904 ஆகஸ்டில் ஸ்வீடனிலிருந்து எழுதிய கடிதத்தின் முடிவில், ஆறுதல் சொல்கிறவன் நிம்மதியாக வாழ்கிறான் என்று நினைத்துவிடாதே, அவன் வாழ்விலும் துயரம் நிறையவே உண்டு என்கிறார். அதனால்தான் அவரை நம்புகிறேன்.

கார்முகில்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே துயரக் கடிதத்தில், நோயில் மருத்துவரும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத நாட்கள் உண்டு, நீயும் அப்படியே காத்திரு என்று வருகிறது. அந்த வரியைத் தம்பி பிடித்துக்கொள்ள விடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழ்ந்து பயனில்லை என்பது போல ஏதாவது சொன்னால் அன்றே கிளம்புங்கள். புத்தகத்தையும் கையோடு கொண்டுவரட்டும், மருத்துவர் தடுக்கமாட்டார்.