கிராஷ் என்பதற்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே மேசைக்கணினி கோத்துக்கொள்வோருக்கான பழுதாய்வுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கலைச்சொல் அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரம்பாமல் நிற்கிறது; அது கிராஷ் என்பதற்கு உரிய கட்டம்.

முதல் இயலில் 'செயலிழப்பு' என்று எழுதினேன். மூன்றாம் இயலுக்கு வந்தபோது, எரிந்துபோன மின்வழங்கியையும் 'செயலிழந்தது' என்றே எழுதியிருப்பதைக் கண்டேன். கிராஷ் ஆன கணினியை மறுபடியும் இயக்கிக்கொள்ளலாம். எரிந்த மின்வழங்கியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், படிப்பவர் நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிடுவார். பிறகு 'நிலைகுலைவு' என்று மாற்றிப் பார்த்தேன். "ஆட்டம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் நிலைகுலைவு ஏற்பட்டால்" என்ற வரியைப் படித்த மெய்ப்புத் திருத்துநர், ஆடுகிறவருக்கு மயக்கம் வருவதாகப் புரிந்துகொண்டு, மருத்துவரை அணுகச் சொல்லும் குறிப்பு ஏதும் வேண்டாமா என்று கேட்டார்.

பெயராகவும் வினையாகவும் புழங்கக்கூடிய, 'ஆனது' என்று ஒட்டுப்போட வேண்டாத ஒரு சொல்லைத் தந்து உதவ வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பிக்கு,

கலைச்சொல் கேட்டு வருவோர் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் வினையையும் சேர்த்துக் கேட்டது மகிழ்ச்சி தருகிறது. என் பரிந்துரை 'நொடிப்பு'.

நொடித்தல் என்னும் வினைக்கு நிலைகெட்டு வீழ்தல் என்பது பொருள். நன்றாக நடந்துகொண்டிருந்த வணிகம் நொடித்துப்போயிற்று என்று இன்றும் சொல்கிறோம். நொடி என்பது விரலைச் சொடுக்கும் ஓசையும் ஆகும். மாத்திரைக்கு அளவு வகுத்த தொல்காப்பியர் கண்ணிமையையும் நொடியையும் எடுத்துக்கொண்டதை இங்குள்ளோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆக, நொடியில் நிகழ்வதும் நொடிப்பு, வீழ்வதும் நொடிப்பு. விடுகதைக்கும் நொடி என்று ஒரு பெயர் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், காரணம் சொல்லாமல் நின்றுபோகும் கணினிக்கு இதைவிடப் பொருந்திய வேர் கிடைக்குமா? கணினி நொடித்தது, நொடிக்கும் கணினி, நொடிப்புப் பதிவு, நொடிப்பாய்வு என எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடும்.

பின்குறிப்பு: 'கோர்த்துக்கொள்வோர்' என்று எழுதாமல் 'கோத்துக்கொள்வோர்' என்று எழுதியதற்குத் தனியே நன்றி. பகுதி 'கோ' என்பதே. இடையில் ரகரம் எங்கிருந்து புகுந்தது என்பதை விளக்க எனக்குத் தனி மடல் வேண்டும். அதை இப்போது எழுதவில்லை.

வன்பொருள் வகுப்பு எடுப்பவர் எழுதியது:

ஐயா, வணக்கம். நொடிப்பு செவிக்கு இனிமையாக இருக்கிறது. எனினும் சொல்லைத் தேடும் முன், எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாணவர் ஒருவர் வந்து "கிராஷ் ஆகிறது" என்றால், படம் நின்றதா அல்லது போனதா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. படம் அப்படியே நிற்க, சுட்டி அசையாமல், ஒலி ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால் அது ஒன்று. எச்சரிக்கை ஏதுமின்றித் திரை இருண்டு, கணினி தானாக மறுபடியும் தொடங்கினால் அது வேறொன்று; அப்போது என் கை முதலில் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியின் பக்கம்தான் போகும். ஓடிக்கொண்டிருந்த செயலி மட்டும் மூடிக்கொண்டு, மற்றவை நலமாக இருந்தால் அது மூன்றாவது. நான்காவது நீலத்திரை. அதை வீழ்ச்சி என்பதே தவறு. இயங்குதளத்தின் கர்னல் என்னும் மையப்பகுதி, தன்னால் பாதுகாப்பாகத் தொடர முடியாத நிலையைக் கண்டதும், தரவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தானே எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு பிழைக்குறியையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. இதை 'நீலத்திரை' என்று எழுதலாம் என நினைப்போர் கவனிக்க: 2025இல் விண்டோஸ் 11 அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது.

இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடைத்தால் என்ன நேரும் என்பதற்கு விண்டோஸின் நிகழ்வுப் பதிவே சான்று. கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கும்போதெல்லாம், கர்னல் பவர் என்ற பெயரில் 41 என்னும் எண்ணுடன் ஒரு வரி பதிவாகிறது. மின்தடை வந்தாலும் அதே 41. வெப்பம் மிகுந்து அணைந்தாலும் அதே 41. பொறுமையிழந்து ஆற்றல் பொத்தானை நாமே அழுத்திப் பிடித்தாலும் அதே 41. அந்த எண்ணைக் கண்டவுடன் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்கி வந்த மாணவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். கூலரைக் கழற்றிப் பார்த்தோம். ப்ராசஸரைத் தொட வேண்டிய செம்புப் பரப்பின்மேல், பொருத்தும் முன் நீக்க வேண்டிய ஒளிபுகு நெகிழித்தாள் அப்படியே இருந்தது. வெப்பப்பசை அதன்மேல் வட்டமாகப் பதிந்திருந்தது.

ஆகவே உறைவு, திடீர் மறுதொடக்கம், தன்னிறுத்தம், செயலி மூடல் என நான்கு சொற்களாகப் பிரித்துவிடுங்கள். ஒரே சொல் வேண்டாம்.

மென்பொருள் தமிழாக்கத்தில் ஈடுபடுபவர் எழுதியது:

நண்பர்களே, நான்கு சொற்கள் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆயினும் நான்குக்கும் பொதுவான தலைப்புச் சொல் ஒன்று தேவைப்படத்தான் செய்யும். இயலின் தலைப்பில் நான்கையும் எழுத முடியாது. அந்த இடத்தில் 'கிராஷ்' என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. படிப்பவர், கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் திருப்புளியும் மறு கையில் கைபேசியுமாக இருக்கிறார். அவருக்குத் தெரிந்த சொல் கிராஷ். அவர் தேடப்போகும் சொல்லும் அதுதான்.

நொடிப்பைப் பற்றி இரண்டு தயக்கங்கள் உண்டு. சட்டத்தமிழில் 'நொடிப்பு நிலை' என்பது கடனைத் தீர்க்க இயலாத நிலைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதைவிட முக்கியம், நொடித்துப்போதல் ஒரு நொடியில் நடப்பதில்லை. கடன் ஏறி, சரக்குத் தேங்கி, ஆண்டுக்கணக்கில் தேய்ந்துதான் ஒரு வணிகம் நொடிக்கிறது. ஐயா சேர்த்துவைத்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

தமிழாசிரியர் எழுதியது:

தேய்ந்தது ஆண்டுக்கணக்கில் என்றாலும், நொடித்தது என்று சொல்லப்படுவது ஒரு நாளில்தான். அதை விடுவோம்.

கிராஷ் என்றே எழுதலாம் என்போர், வடவெழுத்தை நீக்கி ஏற்கச் சொன்ன தொல்காப்பிய நூற்பாவையாவது மதிக்க வேண்டும். சொல்லின் முதலில் இரண்டு மெய்களை நிறுத்த நம் நாக்கு ஒப்பாததால், ககரத்துக்கு இகரம் சேர்த்துக் 'கிரா' என்று ஏற்கெனவே பாதி தமிழாக்கிவிட்டீர்கள். மீதிப் பாதியில் மட்டும் ஷகரம் ஏன்? 'கிராசு' என்று எழுதத் துணிவு உண்டா? இல்லை என்றால், அது இன்னும் நம் சொல் ஆகவில்லை என்று பொருள்.

அம்மையீர் தந்த 'தன்னிறுத்தம்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தன் + நிறுத்தம் என்று பிரித்தாலும் தன்னிறுத்தம். தன் + இறுத்தம் என்று பிரித்தாலும், தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துத் தன்னிறுத்தம்தான். இறுத்தலுக்கு வடித்தல், தங்குதல், வரி செலுத்துதல் எனப் பல பொருள்கள் உள்ளன. கணினி தானாக வரி செலுத்தியது என்று யாரும் கொள்ளமாட்டார்கள்தான். என்றாலும் கலைச்சொல்லில் இரட்டுற மொழிதல் குற்றம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இரட்டுற மொழிதல் என்று ஐயா சொன்னதும், என் ஐந்தாம் இயலை எடுத்துப் பார்த்துத் திடுக்கிட்டேன். இயங்குதளத்தை நிறுவித் தரும் மென்பொருளுக்கு, வழக்கில் உள்ளபடி 'நிறுவி' என்று எழுதியிருக்கிறேன். "நிறுவி நின்றுவிட்டால்" என்று ஒரு துணைத்தலைப்பு இருக்கிறது. நிறுவுகிற மென்பொருள் பாதியில் நின்றுவிட்டால் என்று நான் எழுதினேன். நிறுவி முடித்த பிறகு கணினி நின்றுவிட்டால் என்றும் அதைப் படிக்கலாம். பெயராகக் கொண்டால் தரவிறக்கிய கோப்பைச் சோதிக்க வேண்டும். வினையெச்சமாகக் கொண்டால், பயாஸ் என்னும் தொடக்க மென்பொருளில், எந்தச் சேமிப்பகத்திலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்னும் வரிசையைச் சோதிக்க வேண்டும். "நிறுவியை நிறுவி இயக்குக" என்றும் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். எந்த மனநிலையில் எழுதினேன் என்று நினைவில்லை.

வன்பொருள் வகுப்பு எடுப்பவர் எழுதியது:

'நிறுவுநிரல்' என்று மாற்றிவிடுங்கள், குழப்பம் தீரும். கூடவே இன்னொன்றையும் திருத்த வேண்டும். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களில் "ரேமை நிறுவுக" என்று இருக்கிறது. வன்பொருளைப் பொருத்துகிறோம், மென்பொருளை நிறுவுகிறோம். வகுப்பில் இந்த வேறுபாட்டை நான் கண்டிப்பாகக் காப்பதற்குக் காரணம் உண்டு. "என்விஎம்இ சேமிப்பகத்தை நிறுவ முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால், அது மதர்போர்டில் உள்ள எம்.2 ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லையா அல்லது நிறுவுநிரலின் பட்டியலில் தெரியவில்லையா என்று எனக்கு விளங்காது. முதலாவதற்குத் திருப்புளி வேண்டும். இரண்டாவதற்கு, இன்டெல் மதர்போர்டாக இருந்தால், சேமிப்பகங்களை நிர்வகிக்கும் விஎம்டி என்னும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது இயங்கும்போது உரிய டிரைவரை ஏற்றாதவரை நிறுவுநிரலின் கண்ணுக்குச் சேமிப்பகம் தெரியாமல் போகலாம்.

ரேம் பற்றிய பக்கத்தில் ஒரு முக்கியமான செய்தியும் விடுபட்டுள்ளது. டிடிஆர்5 வகை ரேம் பொருத்திய புதிய கணினியை முதன்முதலில் இயக்கும்போது, ரேமைக் கட்டுப்படுத்தும் மெமரி கண்ட்ரோலர் அந்த ரேமுக்கு ஏற்பத் தன் சமிக்ஞை நேரங்களைச் சரிசெய்துகொள்கிறது. அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். சில மதர்போர்டுகளில் பல நிமிடங்கள்கூட ஆகும். இதை அறியாதவர், கணினி கிராஷ் ஆகிவிட்டது என்று எண்ணி ஆற்றலை நிறுத்துகிறார்; மறுபடி இயக்கினால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்குகிறது; மறுபடியும் நிறுத்துகிறார். ஒரு பழுதும் இல்லாத கணினி இப்படி நாள் முழுவதும் இருட்டிலேயே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையின் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'நினைவகப் பயிற்சி' என்று நீங்கள் எழுதினால், யாருக்கோ வகுப்பு நடக்கிறது என்று தோன்றும்.

தமிழாசிரியர் எழுதியது:

காளையை ஏருக்குப் பழக்குவதுபோல் 'பழக்கல்' என்னலாம். ஆனால் அம்மையீர் விளக்கிய வேலை, கச்சேரிக்கு முன் வாத்தியங்களைச் சுருதி சேர்ப்பதை ஒத்திருக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் பாட்டுத் தொடங்கவில்லையே என்று எவரும் எழுந்து போவதில்லை. 'நினைவக இசைவிப்பு' என்று வைக்கலாம்.

மென்பொருள் தமிழாக்கத்தில் ஈடுபடுபவர் எழுதியது:

இசைவிப்புக்கு என் முழு இசைவு. இந்த இழையில் மறுப்பு எழாத முதற்சொல் இதுவாகத்தான் இருக்கும். கேட்ட சொல்லுக்குத்தான் இன்னும் விடை இல்லை, நாளை வெள்ளிக்கிழமை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால், 'நிலைகுலைவு' மிகுதியான ஆதரவைப் பெற்றிருக்கிறது. அதை விரும்பி ஆதரித்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே தலைப்புச் சொல்லாக நிலைகுலைவு இருக்கும். முதன்முறை வருமிடத்தில் கிராஷ் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன். இயலுக்குள் உறைவு, திடீர் மறுதொடக்கம், செயலி மூடல் என்று பிரித்துவிட்டேன். தன்னிறுத்தத்தைத் 'தற்காப்பு நிறுத்தம்' என்று மாற்றியிருக்கிறேன்; வரி செலுத்தும் ஐயம் இனி எழாது. மயக்கக் குழப்பத்தைத் தவிர்க்க, எல்லா இடத்திலும் 'கணினியின் நிலைகுலைவு' என்று உடைமையோடு எழுதியுள்ளேன்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. குலைதல் அவிழ்ந்து சரிவது. கூந்தல் குலையும், வரிசை குலையும். சட்டென்று நிற்கும் எந்திரத்தில் எதுவும் அவிழ்வதில்லை. என் எழுத்தில் நொடிப்பு என்றே எழுதுவேன். நூலின் இறுதிச் சொல்லடைவில் 'நொடிப்பு: நிலைகுலைவு காண்க' என்று ஒரு வரி மட்டும் சேர்க்க இயலுமா, தம்பி?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மன்னிக்க வேண்டும் ஐயா, சொல்லடைவுப் பக்கங்கள் காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டன. மெய்ப்புத் திருத்துநர் நூல் முழுவதும் 'கோத்த' என்பதைக் 'கோர்த்த' என்று திருத்தி வைத்திருந்தார். அதை மட்டும் கடைசி நேரத்தில் பிடித்து நிறுத்திவிட்டேன்.