கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு ஒராக்கிள் தேவையா?

நல்லூர் வாசகர்:
யாழ்ப்பாணத்தில் பல கிளைகளுடன் இயங்கும் சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, உறுப்பினர் கணக்குகள் அனைத்தையும் ஒரே சேர்வரில் சேர்ப்பதற்கு ஒராக்கிள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளை வாங்க எண்ணியுள்ளது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தரவுகளைக் கேட்டுப் பெறும் எஸ்கியூஎல் மொழியில் இயங்கும் தரவுத்தளத்தை 1979இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. காசாளர்கள் பணத்தைப் பதிந்துகொண்டிருக்கையில் முகாமையாளர் நிலுவை அறிக்கை எடுத்தால், அறிக்கை தொடங்கிய கணத்தில் இருந்த தொகைகளையே ஒராக்கிள் காட்டும். மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளை அது தனியிடத்தில் பேணுவதால் அறிக்கை எடுப்பவரும் பணத்தைப் பதிபவரும் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொடுக்கல் வாங்கலை உறுதிசெய்யும் முன் அதன் பதிவை வட்டில் எழுதிவிடுவதால், மின்சாரம் திடீரென நின்றாலும் உறுதியான பதிவு அழியாது.

கோண்டாவில் நிரலாளர்:
நீங்கள் கூறிய இரண்டு வசதிகளும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்னும் கட்டணமற்ற தரவுத்தளத்திலும் உள்ளன. ஒராக்கிள் என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு புரோசசருக்கு 47,500 டொலர். வழக்கமான இன்டெல் சேர்வரில் இரண்டு கோர்கள் (புரோசசருக்குள் உள்ள கணிப்பு அலகுகள்) ஒரு புரோசசராகக் கணக்கிடப்படுவதால், எட்டுக் கோர் சேர்வருக்கு 190,000 டொலரும், ஆண்டுதோறும் அதில் 22 சதவீதமான 41,800 டொலர் ஆதரவுக் கட்டணமும் வரும். சிறுசேமிப்பாளரின் பணத்தில் இதைச் செலுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லூர் வாசகர்:
சங்கத்துக்கு என்டர்பிரைஸ் பதிப்பு எதற்கு? ஒராக்கிளின் மலிவான பதிப்பான ஸ்டாண்டர்ட் எடிஷன் 2, ஒரு சொக்கெட்டுக்கு (புரோசசரைப் பொருத்தும் இடத்துக்கு) 17,500 டொலர்தான். போஸ்ட்கிரெஸ் பழைய வரிகளை அட்டவணைக்குள்ளேயே விட்டுவைத்து, பின்னர் துப்புரவு செய்கிறது. அதைக் கண்காணிக்காவிட்டால் அட்டவணை வீங்கி வேகம் குறையும்.

கோண்டாவில் நிரலாளர்:
அந்தத் துப்புரவு தானாகவே நடைபெறும், அமைப்புகளைச் சரியாக வைத்தால் போதும். நீங்கள் சொல்லும் மலிவான பதிப்பில் மாற்றுச் சேர்வரைத் தயாராக வைக்கும் டேட்டா கார்ட் வசதி இல்லை என்பதுதான் பெரிய குறை. யாழ்ப்பாணச் சேர்வர் பழுதானால் கிளிநொச்சியிலுள்ள மாற்றுச் சேர்வர் உடனே பணியை ஏற்க வேண்டுமென்றால், ஒராக்கிளில் அதற்கெனவே உள்ள இந்த வசதி என்டர்பிரைஸ் பதிப்புக்கு மட்டும் உரியது. போஸ்ட்கிரெஸ்ஸில் மாற்றங்களை மாற்றுச் சேர்வருக்கு இடைவிடாது அனுப்பும் தொடர்நகலாக்கம் 2010 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

சாவகச்சேரி ஆசிரியர்:
இருவரும் தொடாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுனிகோட் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். ஒராக்கிள் இயல்பாக நீளத்தை பைட்டில் அளப்பதால், பெயர்ப் புலத்துக்கு 40 என்று எழுதினால், 16 குறியீடுகளும் 48 பைட்டும் கொண்ட ‘சிவசுப்பிரமணியம்’ ஏற்கப்படாது.

நல்லூர் வாசகர்:
நீளத்தை எழுத்துக்குறியில் அளக்குமாறு அட்டவணை உருவாக்கும்போதே குறிப்பிட்டால் அது தீரும். மாற்றுச் சேர்வர் குறித்த வாதத்தை மறுக்கவில்லை. ஆயினும் நள்ளிரவில் தரவு சிதைந்தால் ஒப்பந்தப்படி பதிலளிக்கக் கடமைப்பட்ட ஒருவர் இருப்பதற்காகவே நான் கட்டணத்தை ஆதரிக்கிறேன்.

கோண்டாவில் நிரலாளர்:
போஸ்ட்கிரெஸ்ஸுக்கும் ஆதரவு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. எதை வாங்கினாலும், பதிவு நடக்கும்போதே மின்னிணைப்பைத் துண்டித்து, காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டு, கடைசி வைப்பு வரை நிலுவை ஒத்துவருகிறதா என்பதை விற்பவர் சங்க நிர்வாகசபையின் முன் செய்துகாட்டிய பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.