நிழல் வளையமா, மறைவு வலயமா? இங்கெ லேமன் கட்டுரைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வாசிப்பு நூல் ஒன்றில், பூமியின் நடுப்பகுதி பற்றிக் கண்டறிந்த நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமன் பற்றிய பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. திங்கள்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வாழ்க்கைக் கதை சிரமமில்லாமல் வந்துவிட்டது: 1888இல் கோபன்ஹேகனில் பிறந்தவர், கணிதம் படித்தவர், கேம்பிரிட்ஜில் உடம்பு ஓய்ந்துபோய்ப் படிப்பைப் பாதியில் விட்டுச் சில வருஷம் காப்பீட்டுக் கணக்கு பார்த்தவர். 1925இல்தான் நிலநடுக்கத்தின் பக்கமே வந்தார், டென்மார்க்கிலும் கிரீன்லாந்திலும் பதிவு நிலையங்கள் அமைக்கிற வேலைக்கு. 1928 முதல் 1953 வரை டென்மார்க்கின் புவியளவை நிறுவனத்தில் நிலநடுக்கவியல் பிரிவின் தலைவர்.

நான் நிற்கும் இடம் ஒரே ஒரு சொல். ஒரு பெரிய நிலநடுக்கம் நடந்தால் அதன் முதன்மை அலைகள் (பி அலைகள்) பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வருகின்றன. ஆனால் நடுங்கிய இடத்திலிருந்து சுமார் 104 பாகைக்கும் 140 பாகைக்கும் நடுவே உள்ள பட்டையில் அவை நேராக வந்து சேர்வதில்லை. ஆங்கிலத்தில் ஷேடோ ஸோன் என்கிறார்கள். "நிழல் மண்டலம்" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

தி.

*

அன்புள்ள தி.,

முதலில் பெயர். "இங்கே லேமன்" என்று நெடிலாக எழுதிவிடாதீர்கள், "இங்கே லேமன் பிறந்தார்" என்று படித்துவிட்டு எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் எழுதியிருக்கும் குறிலே இருக்கட்டும்.

மண்டலம் வேண்டாம். ஆட்சிக்கும் யோகத்துக்கும் மருந்துக்கும் அதை ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டோம். நிழலும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழந்தமிழில் நிழல் என்றால் ஒளி என்றும் பொருள், நீரில் தெரியும் உருவம் என்றும் பொருள். இப்போதைய பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும், வள்ளுவர் "நிழல்தன்னை வீயாது அடிஉறைந் தற்று" என்கிறார், அதாவது நிழல் ஆளின் காலடியை விட்டு அகலாது. இந்தப் பட்டையோ நடுங்கிய இடத்திலிருந்து பூமியின் கால்வாசிச் சுற்றுக்கும் அப்பால் கிடக்கிறது.

நம் பாடநூலில் மலைக்குப் பின்னால் மழை கிடைக்காத இடத்தை "மழை மறைவுப் பிரதேசம்" என்று சொல்லிப் பல தலைமுறை ஆயிற்று. அதே அச்சில் "அலை மறைவு வலயம்". பிள்ளைகளுக்குப் பழகிய சொல், விளக்கமே தேவைப்படாது. பூமியின் நட்டநடுவில் இருக்கும் பகுதியை (இன்னர் கோர்) "உட்கரு" என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள், உயிரியலில் அது செல்லுக்குள் இருப்பது. "உள்கருவம்" நன்றாக இருக்கும்.

ம.வே.

*

ஐயா, தி. தம்பி, வணக்கம். நான் இதை வகுப்பில் நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மழை மறைவில் மலை தடுக்கிறது. இங்கே பி அலையை எதுவும் தடுக்கவில்லை. 2,900 கி.மீ. ஆழத்தில், உள்கருவத்தைச் சுற்றியுள்ள திரவக் கருவத்துக்குள் நுழையும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 13.7 கி.மீ.யிலிருந்து 8 கி.மீ.க்கு இறங்குகிறது, அதனால் வளைந்து வேறு இடத்தில் போய் வெளியே வருகிறது. பி அலைக்கு அடுத்து வரும் எஸ் அலைதான் (இரண்டாம் நிலை அலை) உண்மையில் தடுக்கப்படுவது, அது திரவத்தில் போகவே போகாது. ஆக "மறைவு" எஸ் அலைக்குப் பொருந்தும், பி அலைக்குப் பொருந்தாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கரும்பலகையில் வட்டம் போட்டு, பாகைமானியை வைத்து 104, 140 இரண்டையும் குறித்து, நடுவில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்ப்பேன். 1929இல் நியூசிலாந்தில் முர்ச்சிசனில் நடந்த நிலநடுக்கத்துக்கு ஒரு புள்ளி. ரஷ்யாவில் இர்குட்ஸ்க், ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நிலையங்களுக்கு இரண்டு புள்ளி. இரண்டும் தேய்த்த இடத்துக்குள்ளேயே விழும். அங்கே பதிவான காகிதத்தில் சின்னச் சின்னதாக பி அலைகள் இருந்தன என்று சொன்னதும் போன வருஷம் ஒரு பெண் எழுந்து, "நிழல்ல எப்படி டீச்சர் அலை வந்துச்சு?" என்று கேட்டாள்.

லேமன் கேட்டதும் இதே கேள்விதான். கருவத்தின் ஓரத்தில் அலை வளைந்து கசிகிறது, விளிம்பு விளைவு என்று மற்றவர்கள் சொல்லி வந்ததை அவர் ஏற்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளை வைத்துக்கொண்டு, நிலநடுக்க விவரம் எழுதிய அட்டைகளை அதில் வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார் என்று உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருந்தால் அந்த அலைகளுக்குக் கணக்கு சரியாக வருகிறது என்று 1936இல் எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பு பி டேஷ், அவ்வளவுதான். பாடம் எழுதும்போது அதை மொழிபெயர்க்காதீர்கள் தம்பி, பிள்ளைகள் பி டேஷ் என்றுதான் கணக்கு நோட்டிலும் படிப்பார்கள்.

அலையே இல்லை என்று அடித்துச் சொல்கிற சொல்லை வைத்தால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. நிழலில் வெளிச்சம் கொஞ்சம் இருக்கும், இருட்டில்தான் இருக்காது. வேப்பமர நிழலில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறோமே. எனக்கு நிழல் போதும்.

ச.

*

> வலயம்

ஒரு சிறு திருத்தம். வளை என்ற வினை நம்முடையது. வளைந்தது வளை, வளையல், வளையம். வலயம் என்பது இந்த வளையமே வடக்கே போய் உருமாறித் திரும்பியது என்பது என் உறுதியான கருத்து. வளைவி, வளாகம், வளார் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். (வளார் என்பது வளைகிற இளங்கொம்பு, எங்கள் ஊரில் மாடு ஓட்ட ஒடிப்போம்.) பூமி உருண்டையில் அந்தப் பட்டையும் வளையம் மாதிரிதான் சுற்றி இருக்கிறது, கைவளையே தான். ஆகவே வளையம்.

இன்னொன்று. உள்கருவம் திடமானது என்று லேமன் கண்டுபிடித்ததாக எழுதிவிட வேண்டாம். அவர் சொன்னது அங்கே ஒரு எல்லை இருக்கிறது, உள்ளே வேகம் கூடுகிறது என்பதுதான். திடம் என்று 1940இல் முன்வைத்தவர் பிரான்சிஸ் பர்ச்.

க.

*

ம.வே. ஐயா, ச. அக்கா, க. மூவருக்கும் நன்றி. "திண்மையான உள்கருவத்தைக் கண்டறிந்தார்" என்றுதான் வைத்திருந்தேன், திருத்திவிட்டேன்.

ஐயா, மறைவில் எனக்கு இன்னொரு இடைஞ்சலும் வந்தது. கடைசிப் பத்தியில் 1993இல் 104 வயதில் அவர் மறைந்ததைச் சொல்லவேண்டும், "லேமன் மறைவு" என்று பக்கத்திலேயே வருகிறது, படிக்க உறுத்துகிறது. தனி மடலில் எழுதிய நாலு பேரில் மூவர் நிழலுக்கு. அதனால் "நிழல் வளையம்" என்று போட்டு இன்று அனுப்பிவிடுகிறேன். எஸ் அலை பற்றி இந்தப் பாடத்தில் இல்லை, அடுத்த வகுப்பு நூலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தி.

*

தி.,

அனுப்புங்கள், நேரம் இல்லை என்பது புரிகிறது. ஆனால் அக்கா சொன்னபடியே பி அலை வளைந்துதான் போகிறது என்றால், நிழலும் தப்பு, மறைவும் தப்பு. ஒளிவிலகல் என்று பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வருகிறார்கள், "அலைவிலகு வளையம்" என்றால் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். எஸ் அலைக்கு என் "மறைவு" இருக்கட்டும். இரண்டு காரணத்துக்கு இரண்டு சொல் வேண்டும் என்பதை அடுத்த வகுப்பு நூல் தொடங்கும்போது மறுபடி எழுதுவேன்.

ம.வே.