பெரியவர்கள் மட்டுமே கூடும் குடும்ப ஒன்றுகூடலில் நான் என்ன செய்வது?

கேள்வி:
டிசம்பர் இறுதியில் பாம்பனிலுள்ள அப்பத்தா வீட்டில் உறவினர் அனைவரும் கூடுகிறார்கள். 17 வயதான எனக்கு அங்கே என் வயதில் துணை யாருமில்லை, சென்ற முறை, "என்ன படிக்கிறாய்?" என்ற கேள்விக்கு விடை சொல்லியே இரண்டு நாள்கள் கழிந்துவிட்டன. இம்முறை மகிழ்ச்சியாக இருக்க வழியுண்டா?

மறுமொழி 1:
இம்முறை நீங்கள் கேள்வி கேளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் நினைவு உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இருக்கக்கூடும். என் பெரியப்பாவிடம் அதைக் கேட்டபோது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நிற்க, கூரை பறந்த அந்த இரவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை.

மறுமொழி 2:
விடியற்காலையில் மாமாவோடு கரைக்குச் செல்லுங்கள். வாடைக்காற்று வீசும் அம்மாதத்தில் வடகடல் கொந்தளிக்க, தென்கடல் அடங்கிக் கிடப்பதைப் பாம்பனில் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் விடுவிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்; அந்த வேலையினூடே பேச்சு தானாக வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்பத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன்.