கொட்டகலை குடும்பக் குழு: படகுக்கு அன்டனாவா, டிஷ்ஷா?

பிரியா: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா வந்துவிட்டது. இப்போதுதான் பாஸ்போர்ட் கைக்குக் கிடைத்தது.

கமலா: மாரியம்மா கண் திறந்துவிட்டாள்

சிவா: சூப்பர் பெரியம்மா

செல்வம்: பயணம் எப்போது?

பிரியா: மே கடைசியில். டிக்கட் இன்னும் போடவில்லை மாமா.

கமலா: அப்போ திருவிழா?

பிரியா: அதைப் பிறகு பேசலாம் சித்தி

ராஜா: எல்லோருக்கும் வணக்கம். இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன், இங்கே மாலை 5 மணி. செல்வம் மாமாவிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் மூன்று மாதம் இங்கிலாந்தில் நான் குடியிருக்கிற படகில் என்னோடு இருக்கப்போகிறார்கள், பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன், டிவி இல்லாமல் அப்பாவுக்குப் பொழுது போகாது. அன்டனா வாங்குவதா, டிஷ் வாங்குவதா?

மங்களம்: முதலில் வீட்டைப் பார். அப்புறம் டிவி பார்க்கலாம்

ராஜா: அம்மா

சிவா: ஆரம்பமாகிவிட்டது

செல்வம்: மருமகனே, படகு ஒரே இடத்தில் நிற்குமா, ஓடுமா?

ராஜா: எனக்கு நிரந்தர இடம் கிடையாது மாமா. என்னைப் போன்ற படகுகளை ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் கட்டி வைக்கக்கூடாது என்று விதி, அதனால் நகர்ந்துகொண்டே இருப்பேன். இப்போது கிராண்ட் யூனியன் கால்வாயில், பேர்க்ஹாம்ஸ்டெட் பக்கம் கட்டியிருக்கிறேன். ஓடும்போது டிவி வேண்டாம், கட்டிய பிறகு வந்தால் போதும்.

செல்வம்: அப்படியென்றால் கவனமாகக் கேள். டிஷ் என்பது வானத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்கிற சாமான். செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர் மேலே கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது, நாம் அந்த ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஹட்டனில் நான் பூட்டுகிற டிஷ் எல்லாம் நன்றாக மேலே பார்க்கும், அதனால்தான் பள்ளத்தில் இருக்கிற தோட்டத் தொழிலாளர் லய வீடுகளுக்கும் மலையைத் தாண்டிப் படம் வருகிறது. உன் பக்கம் அப்படி இல்லை. அங்கே இலவச சேனல் தருகிற செய்மதி கிழக்கு 28.2 பாகையில் நிற்கிறது. லண்டன் பக்கமிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்துக்கு மேலே 25 பாகைதான். அவ்வளவு தாழ்வாகப் பார்க்கும்போது கரையில் ஒரு மரம் நின்றாலே மறைத்துவிடும்.

ராஜா: இங்கே இரண்டு கரையிலும் மரம்தான் மாமா

செல்வம்: அதுதான் சொல்கிறேன். குளிர்காலத்தில் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே கொஞ்சம் தப்பி வரும். அக்கா வருகிற நேரம் இலை முழுக்க இருக்கும், மழையில் நனைந்த இலைக்குள்ளே ஒன்றும் வராது.

கமலா: எங்கள் வீட்டு டிஷ்ஷும் மழை வந்தால் நின்றுவிடும். அதை ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றாய் தம்பி

செல்வம்: சின்னக்கா, கூரைக்கு மேலே சாய்ந்திருக்கிற அந்தப் பேரிக்காய் மரத்தை வெட்டுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்

கமலா: அது அப்பா வைத்த மரம்

செல்வம்: நான் மரத்தை வேரோடு வெட்டச் சொல்லவில்லை. ஒரு கொப்பு

கமலா: அப்பா வைத்ததில் எனக்கு என்று மிஞ்சியது அந்த மரம் ஒன்றுதான். மற்றது யாரிடம் போனது என்று எல்லோருக்கும் தெரியும்

பிரியா: சித்தி, மாமா, இது டிவி பற்றிய பேச்சு

மங்களம்: செல்வம் நீ விடு. அவள் அப்படித்தான்

சிவா: அண்ணா, டிஷ் போட்டால் எத்தனை சேனல்?

ராஜா: நிறைய வரும். ஆனால் பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் அன்டனாவிலும் வரும், அப்பாவுக்கு அது போதும்.

மங்களம்: நாடகம் வருமா

ராஜா: தமிழ் சேனல் இரண்டிலும் வராது அம்மா. சக்தி, வசந்தம், சன் எல்லாமே இன்டர்நெட்டில்தான். ஃபோன் டேட்டாவில் போட்டுத் தருகிறேன்.

மங்களம்: அப்போ எனக்கு ஒன்றும் இல்லை

பிரியா: அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எழுதச் சொல்கிறார். பிபிசி தமிழோசையை லயத்து வாசலில் கம்பி கட்டி ரேடியோவில் கேட்டவராம், 2017இல் அதை நிறுத்திய நாளிலிருந்து ராத்திரி நேரம் என்னவோ மாதிரி இருக்கிறதாம். பிபிசி செய்தி கிடைத்தால் இங்கிலீஷ் என்றாலும் சரியாம்.

கமலா: அத்தான் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டே தூங்குவார்

செல்வம்: அத்தானுக்காக முழுதாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் நடுவில் வராதீர்கள். அன்டனா வாங்கு. எல்லாத் திசையிலும் பிடிக்கும் என்று வட்டமாக ஒன்று விற்பார்கள், சிக்னல் பலமாக இருக்கிற ஊரில் மட்டும்தான் அது சரி. நீ திசை பார்த்துத் திருப்புகிற நீள அன்டனாவை எடு, கழற்றி மாட்டுகிற கம்பத்தோடு. படகைக் கட்டியவுடன் கரையோர வீடுகளின் கூரையைப் பார், அங்கே அன்டனாக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, குறுக்குக் கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று பார்த்து உன்னுடையதையும் அப்படியே வை. பெரிய ஒளிபரப்புக் கோபுரங்கள் அனேகமாக அலையைப் படுத்த மாதிரி அனுப்பும், பள்ளத்தாக்குகளுக்கு வைத்திருக்கிற சின்னக் கோபுரங்கள் அனேகமாக நிமிர்த்தி அனுப்பும், மாற்றி வைத்தால் பாதி சிக்னல்கூட மிஞ்சாது. லண்டனுக்குள் போனால் கிரிஸ்டல் பேலஸ் கோபுரம், படுத்த மாதிரி. இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் டிவியில் சேனலைப் புதிதாகத் தேட விடு, ஊருக்கு ஊர் அலைவரிசை மாறும்.

ராஜா: வீட்டுக் கூரையைப் பார்ப்பது நல்ல யோசனை மாமா

செல்வம்: இன்னும் இருக்கிறது. உங்கள் பக்கம் 2012இல் எல்லாம் டிஜிட்டலாகிவிட்டது. நம் ஊர் மாதிரி புள்ளி புள்ளியாகவாவது தெரியும் என்று நினைக்காதே, வந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லாவிட்டால் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும்.

சிவா: மாமா மூச்சு விடுங்க

செல்வம்: 1982இல் ரூபவாஹினி தொடங்கி பிதுருதலாகலை உச்சியில் கோபுரம் வைத்தார்கள். 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான மலை. அப்படியிருந்தும் நம் தோட்டத்தில் மேல் டிவிஷனுக்குப் படம் வந்தது, கீழ் லயத்துக்கு வரவில்லை, நடுவில் ஒரு சின்னக் குன்று. அன்டனா விஷயத்தில் உயரத்தை விட மறைப்புத்தான் முக்கியம். உன் கால்வாய் மண்ணை வெட்டிய பள்ளத்துக்குள் போகிற இடத்தில் கட்டாதே.

கமலா: மூங்கில் கம்பத்தை நீ திருப்புவாய், நான் வாசலில் நின்று வந்துவிட்டது போய்விட்டது என்று கத்துவேன்

செல்வம்: ஆமாம் சின்னக்கா. சத்தம் தொழிற்சாலை வரைக்கும் கேட்கும்

மங்களம்: இவன் படகு எத்தனை அடி அகலம் என்று யாராவது கேட்டீர்களா

ராஜா: 7 அடிக்குக் கொஞ்சம் குறைவு அம்மா. நீளம் 57.

மங்களம்: பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேர் கிடந்தோம். அதிலிருந்து நீங்கள் வெளியே போக வேண்டும் என்றுதான் மழையிலும் கொழுந்து பறித்தேன். இப்போது ஏழு அடியாம்

ராஜா: அம்மா, இந்தப் படகு என் பெயரில் இருக்கிறது. நாம் இருந்த காம்பரா ஒருநாளும் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை, தாத்தா காலத்திலிருந்து தோட்டத்துடையதுதான். இங்கே அறை எடுத்தால் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகும். அடுப்பு இருக்கிறது, குளிக்க சுடுதண்ணீர் இருக்கிறது, உங்களுக்குத் தனிக் கட்டில் போட்டிருக்கிறேன். வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

கமலா: அதுவும் சரிதான் அக்கா

மங்களம்: கமலா நீ பேசாதே

சிவா: அண்ணா படம் அனுப்புங்க

ராஜா: (படம்)

பிரியா: கூரையில் பூந்தொட்டி அழகாக இருக்கிறது

செல்வம்: கூரையில் சோலார் பலகை தெரிகிறது, நல்லது. 12 வோல்ட் டிவியாக வாங்கு, பற்றரி மிச்சமாகும். படகுக் கூரை இரும்புதானே? காந்த அடிப்பாகத்தில் அன்டனாக் கம்பத்தை நிறுத்தலாம், ஓட்டும்போது இறக்கி வை, பாலத்தில் அடிக்கும்.

ராஜா: இரும்புதான் மாமா. ஆனால் பக்கத்துப் படகுக்காரர் டிஷ்தான் வைத்திருக்கிறார், நன்றாக வருகிறது என்கிறார்.

செல்வம்: அவர் வெளிச்சமான இடம் பார்த்துக் கட்டியிருப்பார். டிஷ்ஷும் பிறகு வேண்டுமென்றால் வாங்கு, நான் தடுக்கவில்லை, வெட்டவெளியில் கட்டினால் டிஷ்ஷிலும் படம் சுத்தமாக வரும். வாங்குவதற்கு முன் ஒன்று செய். கரையில் இறங்கி நின்று தென்கிழக்கைப் பார். படகுக்குள் நின்று ஃபோன் திசைகாட்டியைப் பார்க்காதே, இரும்பு அதை இழுத்துப் பொய் காட்டும். வடக்கிலிருந்து 145 பாகை. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் ஒரு முட்டி அகலம் 10 பாகை, அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் மரமோ கட்டடமோ இல்லாவிட்டால் அங்கே டிஷ் வேலை செய்யும். டிஷ் முகம் நேராக நிமிர்ந்து நிற்கிற மாதிரிதான் தெரியும், அது சரி, சாய்க்காதே. கூரையில் வைத்தால் பக்கத்தில் ஒரு படகு போனாலே ஆடிப் படம் உடையும், முக்காலியில் கரையில் வை, நடக்கிற பாதையை மறைக்காமல்.

சிவா: முட்டி கணக்கு சூப்பர் மாமா

பிரியா: அண்ணா, டிவி லைசன்ஸ் படகுக்கும் வேண்டுமா?

ராஜா: வேண்டும். நேரலை பார்த்தால் படகானாலும் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

செல்வம்: என் கடையில் 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்று சும்மா கிடக்கிறது, அக்கா பெட்டியில் போட்டு அனுப்பட்டுமா

பிரியா: மாமா பெட்டி 23 கிலோதான்

கமலா: நான் தேயிலையும் கருவாடும் ஊறுகாயும் கட்டிவிட்டேன்

மங்களம்: நெய்யும் வைக்க வேண்டும்

ராஜா: நெய் வேண்டாம் அம்மா, பால் சாமானும் இறைச்சியும் விடமாட்டார்கள்

மங்களம்: அப்போ டிஷ்ஷை வை. நெய் இல்லாவிட்டால் இடம் இருக்கும்தானே

ராஜா: அம்மா டிஷ் இங்கேயே கிடைக்கும். முதலில் அன்டனா வாங்கிப் பார்க்கிறேன்.

செல்வம்: வாங்கியதும் கூரையை வீடியோ எடுத்து அனுப்பு. கேபிள் நல்லதாக எடு

கமலா: தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? அந்தக் கொப்பை மட்டும்

செல்வம்: ஞாயிறு பார்க்கலாம் சின்னக்கா

பிரியா: டிக்கட்டுக்கு ஒரு திகதி சொல்லுங்கள். திருவிழாவுக்கு முன்னாலா, பின்னாலா?

கமலா: பின்னால்

மங்களம்: முன்னால்

சிவா: பெரியம்மா, இன்று போட்டால் விலை குறைவு

பிரியா: அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்